போன வாரத்து அட்டை

ஹாரோ மில்ஸ் ஊரின் ஒரே சிற்றுண்டிக் கடையில் கோச் லோரன் கெஸ்லர் உட்காரும் இடம் மூன்று வருஷத்தில் மூன்று முறை மாறிவிட்டது. அவருடைய பள்ளி அணி அமெரிக்கக் கால்பந்தில் ஒஹாயோ மாநிலக் கோப்பையை ஜெயித்த வருஷம் ஜன்னலோர மேசை. அடுத்த வருஷம் பத்தில் ஆறு தோற்றதும் நடு வரிசை. போன வருஷம் ஐந்து ஜெயித்து ஐந்து தோற்றபோது, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து ஸ்டூல். யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லை. கால் தானாக அங்கே போயிற்று. தோற்ற கோச்சுக்கு எங்கே உட்கார வேண்டும் என்று ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவரில் மாட்டிய புகைப்படம் மட்டும் இடம் மாறவில்லை. குவார்ட்டர்பேக் டேன் ரட்லெட்ஜ் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறான். பக்கத்தில் கெஸ்லரின் பாதி முகம். மீதியைச் சட்டம் வெட்டிவிட்டது. ஊரார் போட்ட தீர்ப்பும் ஏறக்குறைய அதுதான். பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அதை எறிவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது அவன் சாமர்த்தியம். டேன் மாதிரி ஒருத்தன் கிடைத்தால் தபால்காரன்கூட கோச் ஆகலாம் என்று முடிவெட்டும் கடையில் ஒருவர் சொல்ல, தபால்காரரே அதற்குத் தலையாட்டினாராம்.

அந்த நவம்பர் சனிக்கிழமை, மண்டல இறுதி ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் இருக்கும்போது, டேனின் அப்பா ஹார்லன் ரட்லெட்ஜ் காபிக் கோப்பையோடு வந்து கெஸ்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிராக்டர் விற்கிறவர். பள்ளி வாரியத்தின் ஐந்து பேரில் ஒருவர். குரலைத் தாழ்த்தவே தெரியாதவர்.

"இந்தக் கோட்டை எப்பய்யா துவைப்ப? பக்கத்துல உக்கார முடியல."

"தோத்தாதான் துவைப்பேன்."

ஏழு வாரமாகத் துவைக்காத கோட்டு அது. ஏழு வாரமாகத் தொடர்ந்து வெற்றி. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கோட்டைத் துவைக்கக் கூடாது, பையிலிருக்கும் குப்பையைக்கூட வெளியே எடுக்கக் கூடாது என்பது கெஸ்லரின் கொள்கை. மனைவி நடீன் அதை வீட்டுக்குள் விடாமல் கார் கொட்டகையில் ஆணியடித்து மாட்டச் சொல்லியிருந்தாள். ஆனால் ஊர் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான். பாதிரியாரே ஏழு வாரமாகத் தாடி மழிக்கவில்லை.

"அப்ப நாளைக்கு நடீனுக்கு வேலை இருக்கு" என்றார் ஹார்லன். கடையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். "வெளிப்படையாவே சொல்லிடறேன் லோரன். திங்கக்கிழமை வாரியம் கூடுது. ரெண்டு பேர் உன்னை வெச்சுக்கலாங்கறான், ரெண்டு பேர் அனுப்பிடலாங்கறான். நடுவுல நான். இன்னைக்கு ஜெயிச்சா என் கை உனக்குத் தூக்கும். தோத்தா உனக்கு எதிரா தூக்கும். பின்னாடி மூஞ்சிக்கு நேரா சொல்லலன்னு சொல்லக்கூடாது பாரு."

"இந்த வருஷம் ஒம்போது ஆட்டம் ஜெயிச்சிருக்கேன்."

"யாரை? நோஞ்சானையெல்லாம் ஜெயிச்சிட்டு மார் தட்டாத. இன்னைக்கு நார்த் கார்வரை ஜெயிச்சுக் காட்டு. என் பையன் இருந்தான், ஜெயிச்ச. என் பையன் போனான், தோத்த. சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்?"

கெஸ்லர் தட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டார். முட்டையை முள்கரண்டியால் கொத்திக்கொண்டிருந்தார். பதில் இல்லாமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்த பதில் ஒன்று மூன்று வருஷமாக அங்கேயே நிற்கிறது.

அது இதுதான். மாநில இறுதி ஆட்டத்தில் கடைசிப் பதினோரு நொடி. கெஸ்லர் கொடுத்த உத்தரவு, இடது பக்கம் ஓடு. டேன் எதிர் வரிசையை ஒரு தரம் பார்த்தான். தன் ஆட்களிடம் என்னவோ இரண்டு வார்த்தை கத்தினான். ஓடவில்லை. வலது மூலைக்குப் பந்தை எறிந்தான். அது கோப்பையாகத் திரும்பி வந்தது. தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டி, "யாரோட யோசனை கோச்?" என்று கேட்டபோது, கெஸ்லரின் வாய் அவரைக் கேட்காமலே "நான் சொன்னதுதான்" என்றது. பக்கத்தில் நின்ற டேன் குனிந்து தன் காலணியைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரிக்கு ஆடப் போன பிறகும் சொன்னதாகத் தெரியவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால்கூடப் பரவாயில்லை. காக்கை வேறு மரத்தில் உட்கார்ந்துவிட்டு இந்தப் பழத்துக்குப் பெயர் வாங்கிக்கொண்ட கதை இது.

அதற்குப் பிறகு எந்தக் குவார்ட்டர்பேக்கையும் அவர் உத்தரவை மாற்ற விட்டதில்லை. மாற்றி ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

ஆட்டத்துக்கு அரை மணி முன்னால், உடை மாற்றும் அறையில், வழக்கமான சடங்கு நடந்தது. குவார்ட்டர்பேக்கின் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை. அதில் ஒளி ஊடுருவும் உறைக்குள் சின்ன அட்டை. அட்டையில் ஐம்பது எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வியூகம். மைதானத்துக்கு வெளியிலிருந்து கோச் எண்ணைக் கத்துவார். பையன் அட்டையைப் பார்த்து, கூடி நிற்கும் பத்துப் பேருக்கும் வியூகத்தைச் சொல்வான். எண்கள் வாராவாரம் கலைந்து மாறும், இல்லையென்றால் எதிரணி எழுதி வைத்துக்கொள்ளும். அந்த அட்டையைக் கெஸ்லரே தன் கையால்தான் உறையில் செருகுவார். டேன் காலத்திலிருந்து அப்படித்தான். கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்தார், செருகினார், பட்டையை இரண்டு தட்டு தட்டினார்.

இந்த வருஷத்துக் குவார்ட்டர்பேக் எமெட் சிகோரா. பதினொன்றாம் வகுப்பு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரின் மகன். ஒல்லி; காது மட்டும் தலைக்கவசத்துக்கு அடங்காது. எறிந்தால் நாற்பது கெஜம் போகும், டேனுக்கு அறுபது.

"என்ன சொல்லியிருக்கேன்?" என்றார் கெஸ்லர்.

"தலை உங்களோடது, கை என்னோடது, கோச்."

"நீ யாரு இல்ல?"

"டேன் இல்ல, கோச்."

"போ."

மைதானத்தில் நாலாயிரம் பேர். ஊரில் இருப்பதே மூவாயிரத்து சொச்சம். மேகம் மூடி, மழையா பனியா என்று தீர்மானிக்காமல் ஏதோ தூறிக்கொண்டிருந்தது. கெஸ்லரின் ஆட்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால், கம்பி வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஹார்லன் நின்றார். கைக்கெட்டும் தூரம்.

"பதினாலு!" என்று கத்தினார் கெஸ்லர்.

எமெட் மணிக்கட்டைப் பார்த்தான். நிமிர்ந்து கோச்சைப் பார்த்தான். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களுக்கு நடுவில் குனிந்து ஏதோ சொன்னான். பந்து வலது பக்கம் ஓடியது, நாலு கெஜம். கெஸ்லர் சொன்னதும் அதுதான். சரி.

"முப்பத்து மூணு!"

அது குட்டையாக ஓர் எறி. ஆனால் எமெட் பந்தை இன்னொருவனிடம் கொடுத்து இடது பக்கம் ஓடவிட்டான். ஒரு கெஜம்கூடத் தேறவில்லை. கெஸ்லர் தன் பெரிய அட்டையைப் பார்த்தார். முப்பத்து மூன்று எறிதான், சந்தேகமே இல்லை.

முதல் சுற்று முடிந்து எமெட் வெளியே வந்ததும் நேராக அவரிடம் ஓடி வந்தான். "கோச், ஒரு விஷயம்…"

"வாயைத் தொறக்காத! எண்ணைப் பாரு, அதை ஆடு. உன் அபிப்பிராயம் யாராவது கேட்டாங்களா?"

"இல்ல கோச், அட்டையில…"

"தொறக்காதன்னேன்!"

"டேன்கிட்ட இப்படிக் கத்துனியா லோரன்?" வேலிக்குப் பின்னாலிருந்து ஹார்லனின் குரல் சாவகாசமாக வந்தது. "கத்தியிருக்க மாட்டியே. அவன்தானே உனக்குச் சொல்லிக்கொடுப்பான்."

எமெட் ஹார்லனைப் பார்த்தான். கெஸ்லரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அப்புறம் பாதி ஆட்டம் முழுக்க கெஸ்லருக்கு முள்ளின் மேல் நிற்கிற மாதிரிதான். நாலு தடவை சொன்னது நடக்கும். ஐந்தாவது தடவை சொல்லாதது நடக்கும். எறி என்றால் ஓடுகிறான். ஓடு என்றால் எறிகிறான். ஒவ்வொரு முறையும் யோக்கியனைப் போல மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் செய்கிறான், அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு தடவை அப்படி மாற்றி எறிந்ததில் முப்பது கெஜம் கிடைத்து, அதிலிருந்து ஆறு புள்ளி வந்தது. நாலாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். கெஸ்லர் பெரிய அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார். இதே மாதிரி மாற்றி எறிந்ததற்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலும் ஒரு தடவை இப்படிக் கத்தியிருக்கிறார்கள்.

"பாருய்யா, பையனுக்கு மூளை இருக்கு" என்றார் ஹார்லன், பக்கத்தில் நின்றவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி.

இடைவேளையின்போது பதின்மூன்றுக்குப் பத்து. மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள். கெஸ்லர் உடை மாற்றும் அறைக்குள் நுழையும்போதே முடிவு செய்துவிட்டார்.

"எமெட், பட்டையைக் கழட்டு. ப்ரைஸ்கிட்ட குடு."

ப்ரைஸ் பந்து பிடிக்கிற பையன். தேவைப்பட்டால் குவார்ட்டர்பேக் இடத்திலும் நிற்பான். அவன் முகம் வெளுத்துவிட்டது. "கோச், நான் பந்து பிடிக்கற வேலையே பாக்கறேனே" என்றான்.

எமெட் அசையவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டான். "வேணாம் கோச்."

"என்னது?"

"இங்க வேணாம் கோச். வெளிய போய்க் கழட்டித் தரேன்."

நாற்பது பையன்களுக்கு நடுவில் ஒரு பையன் கோச்சிடம் வேண்டாம் என்கிறான். கெஸ்லர் இரண்டே எட்டில் போய் அவன் கையை இழுத்துப் பட்டையை உரித்தெடுத்தார். ப்ரைஸிடம் நீட்டப்போனவர் கண்ணில் அட்டையின் மேல்வரி பட்டது.

ஈடன் ரிட்ஜ் என்று இருந்தது. அவருடைய கையெழுத்துதான். ஈடன் ரிட்ஜ் போன வாரம் எதிர்த்து ஆடிய அணி.

கெஸ்லரின் கை கோட்டுப் பைக்குள் போயிற்று. ஏழு வாரத்துக் குப்பை. மிட்டாய்க் காகிதம், உடைந்த விசில், இரண்டு அட்டை, மூன்று அட்டை. இந்த வாரத்து அட்டை, மேலே நார்த் கார்வர் என்று எழுதியது, சுத்தமாக, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

கெஸ்லர் இரண்டு அட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"முதல் பந்து பதினாலு" என்றார் கெஸ்லர் மெதுவாக. "இந்த அட்டையில பதினாலு என்ன?"

எமெட் தயங்கினான். "முட்டி போடறது, கோச்."

ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி, கடைசி நிமிஷத்தை ஓட்டுவதற்காகப் பந்தை வாங்கி முட்டி போட்டு உட்கார்ந்துவிடும். அதை எவனாவது முதல் பந்துக்குச் செய்வானா? பின் வரிசையில் ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"அப்புறம் எப்படிடா ஆடின?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சு ஆடினேன்."

உதவிக் கோச் கஸ் டொனாட்டி, கூரை மேல் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் எழுதுகிறவர், அப்போதுதான் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கெஸ்லர் அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். ஒரு பக்கம் கோச் கத்திய எண், மறு பக்கம் மைதானத்தில் நடந்தது. இருபத்தேழு பந்தில் இருபத்தொன்று அப்படியே பொருந்தியது. எண்ணே தெரியாமல் இருபத்தொன்று. மாறிப்போன ஆறில் நாலு, கெஸ்லர் சொன்னதைவிட நன்றாக நடந்திருந்தது.

"ஏண்டா சொல்லல?" கெஸ்லரின் குரல் உடைந்தது.

"சொல்ல வந்தேன். வாயைத் தொறக்காதன்னீங்க."

"அதுக்கப்புறம் அவ்வளவு நேரம் இருந்துச்சே!"

எமெட் தரையைப் பார்த்தான். "மிஸ்டர் ரட்லெட்ஜ் பின்னாடியே நின்னாரு கோச். அட்டையைத் தப்பா வெச்சீங்கன்னு அவர் காதுல விழுந்தா… திங்கக்கிழமை விஷயம் எல்லாருக்கும் தெரியும் கோச்."

கெஸ்லருக்கு வெட்கம் காது வரை சுட்டது. பாதி ஆட்டம் தன்னிடம் திட்டு வாங்கியவன், தன் மானத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். இவன் டேன் இல்லை என்று தினமும் இவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது, அங்கேயே யாராவது தன்னை ஓர் அறை விட்டால் தேவலை என்றிருந்தது.

சரியான அட்டையை உறையில் செருகினார். பட்டையை எமெட்டின் மணிக்கட்டிலேயே கட்டினார்.

"எண்ணை நான் சொல்லுவேன். உள்ள போய்ப் பாத்தா அது சரியில்லன்னு தோணுச்சுன்னா மாத்து."

"மாத்தலாமா கோச்?"

"மாத்துடான்னா."

இரண்டாம் பாதியில் எமெட் ஐந்து தடவை மாற்றினான். மூன்று பலித்தது, இரண்டு பலிக்கவில்லை. கெஸ்லர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பதினேழுக்குப் பதின்மூன்று என்று முன்னால் போனார்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் நார்த் கார்வரின் முரட்டுப் பையன் ஒருவன் நாலு பேரை முதுகில் சுமந்துகொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஆறு புள்ளி, அதற்கு மேல் உதைத்து ஒன்று. இருபதுக்குப் பதினேழு.

மிச்சமிருந்த நேரத்தில் எமெட் அணியைக் கெஜம் கெஜமாக நகர்த்தினான். ஐந்து கெஜம், ஒன்பது, மூன்று, பதினாறு. கூட்டம் உட்காரவே இல்லை. நாலு நொடி பாக்கி இருக்கும்போது எல்லைக் கோட்டுக்கு எட்டு கெஜம் முன்னால் வந்து நின்றார்கள். பத்து கெஜம் நகர நாலு வாய்ப்பு, மூன்று தீர்ந்துவிட்டது. நாலாவதில் மூன்று கெஜமாவது போக வேண்டும், இல்லையென்றால் பந்து போய்விடும். உதைத்துக் கம்பத்துக்கு நடுவில் அனுப்பினால் மூன்று புள்ளி. சமமாகி ஆட்டம் நீளும். கெஸ்லர் கடைசியாக இருந்த நேர நிறுத்தத்தைக் கேட்டார்.

காதுக் கருவியில் கஸ் அலறினார். "உதைக்கச் சொல்லு லோரன்! சமம் பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம்!"

எதிர்க்காற்று. உதைக்கிற பையன் காலையில் பயிற்சியிலேயே இரண்டைக் கோட்டை விட்டவன். நீண்ட ஆட்டத்தில் நார்த் கார்வரின் முரடனை நிறுத்த ஆளில்லை. இடது பக்கம் ஓடுவது, எண் இருபத்திரண்டு, கெஸ்லரின் நாக்கில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைசிப் பந்துக்குச் சொன்னதும் இதேதான்.

எமெட் ஓடி வந்து நின்றான். மூச்சு புகையாக வந்தது. மண் அப்பிய முகத்தில் கண் மட்டும் தெரிந்தது.

"நீ என்ன பாக்கற?" என்றார் கெஸ்லர்.

"வலது மூலையில நிக்கறவன் ஒவ்வொரு தடவையும் உள்ளதான் ஓடி வரான் கோச். ப்ரைஸ் வெளிய போனா தனியா நிப்பான். முப்பத்தொண்ணு."

"நான் இருபத்திரண்டுன்னு நெனச்சேன்."

"இடது பக்கம் அடைச்சுட்டாங்க கோச். ரெண்டு பேரைக் கூட்டியிருக்காங்க."

"உதைக்கலாங்கறான் கஸ்."

எமெட் வலது மூலையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பினான். அவர் முகத்தையே பார்த்தான்.  நாள் முழுக்கப் பேசிய ஹார்லன் இப்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தொண்ணு" என்றார் கெஸ்லர். "போ. எறி."

பந்து எமெட்டின் கைக்கு வந்தது. இரண்டு எட்டு பின்னால் போனான். வலது மூலைக்காரன், சொன்னது சொன்னபடி, உள்ளே ஓடினான். ப்ரைஸ் வெளியே திரும்பினான். தனியாக நின்றான், கோட்டுக்கு அந்தப் பக்கம், சுற்றிலும் ஒருவரும் இல்லாமல். எமெட் எறிந்தான். நல்ல எறிதான். காற்றில் அரை முழம் உயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ப்ரைஸ் எம்பினான். விரல் நுனியில் பட்ட பந்து நழுவி அவன் தோளில் இடித்துப் புல்லில் விழுந்தது.

நார்த் கார்வர்காரர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். எமெட் எறிந்த இடத்திலேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். முதல் பந்துக்கு அட்டை சொன்னதைக் கடைசிப் பந்தில் செய்கிறான்.

கெஸ்லர் போய் அவனைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு பேரும் பெஞ்சுப் பக்கம் வருவதற்குள் வேலிக் கதவு திறந்து பாதி ஊர் உள்ளே வந்துவிட்டது. எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. உள்ளூர் வானொலிக்காரர் மெரில் மைக்கோடு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஹார்லன்.

"கோச், ஏன் உதைக்கல? சமம் பண்ணியிருக்கலாமே? அந்தக் கடைசிப் பந்து யாரு முடிவு?"

"உதைச்சிருந்தா இந்நேரம் ஆடிக்கிட்டு இருப்போம்!" என்று ஒருவர் கத்தினார். "அந்த ஒல்லிப் பையன் அவனா மாத்தியிருப்பான்! ரெண்டாம் பாதி பூரா அதைத்தான் செஞ்சான்!"

எமெட் ஓர் அடி முன்னால் வைத்தான். ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று கெஸ்லருக்குத் தெரிந்தது. அவன் தலைக்கவசத்தின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"வாயைத் தொறக்காத" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு மைக்கைப் பார்த்தார்.

"நான் சொன்னதுதான். நான் சொன்னதைத்தான் பையன் செஞ்சான்."

மெரில் மைக்கை எடுக்கப் போனார். கெஸ்லர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணையும் போட்டுக்க மெரில். மூணு வருஷத்துக்கு முன்னாடி, மாநிலக் கோப்பை, கடைசிப் பந்து. நான் ஓடச் சொன்னேன். டேன்தான் மாத்தி எறிஞ்சான். நான் சொன்னதா சொன்னது பொய். இத்தனை நாள் சொல்லாம இருந்ததுக்கு வெக்கப்படறேன்."

 மெரில் மைக்கை நிறுத்திக்கொண்டு நகர்ந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஹார்லன் மட்டும் நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார். முதல் முறையாக அந்த மனிதர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அன்னைக்கே டேன் சொல்லிட்டான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். சொன்னா கோச்சுக்கு அசிங்கமாயிடும்பான். மூணு வருஷமா அதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு, அந்தக் கடையில உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்யா."

 டேன் காலணியைப் பார்த்துச் சிரித்தது கெஸ்லருக்கு நினைவுக்கு வந்தது. தான் ஜெயித்தது அவன் கையால் மட்டுமல்ல, அவன் மூடிய வாயாலும்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

"இன்னைக்கு சொன்னதும் பொய்தான்" என்றார் ஹார்லன். "வேலிக்கு இந்தப் பக்கம் நின்னாலும் எனக்குக் காது கேக்கும். முப்பத்தொண்ணுன்னது அந்தப் பையன்."

"வெளிய சொல்லாத ஹார்லன்."

"எனக்கு இதே வேலையாப் போச்சு." ஹார்லன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிரா வேறு எதுவுமா என்று தெரியவில்லை. "இதை மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா, நீ வருஷா வருஷம் தோத்திருந்தாலும் என் கை உனக்குத்தான் தூக்கியிருக்கும்."

"இப்ப?"

"ஜெயிச்சாத்தான்னு காலையில ஊருக்கு முன்னாடி சொல்லிட்டேன். நான் ஒரு வாய்தான் வெச்சிருக்கேன் லோரன்."

கெஸ்லர் தலையாட்டினார். ஹார்லன் கையை நீட்டினார். கெஸ்லர் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேர் கையும் ஐஸ் மாதிரி இருந்தது.

உடை மாற்றும் அறை வாசலில் எமெட் காத்துக்கொண்டு நின்றான். அழுது முடித்திருந்தான்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் கோச். வாரியத்துலயே வந்து சொல்றேன்."

"சொன்னா எனக்கு வேலை திரும்பி வராது. உனக்குத்தான் ஊர்ல இடமிருக்காது. கழிப்பறைப் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து பாத்திருக்கியா? ரொம்ப நாறும்."

எமெட் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கெஸ்லர் கோட்டைக் கழற்றினார். ஏழு வாரத்துக்கு அப்புறம் முதல் முறையாகப் பைகளைக் காலி செய்தார். மிட்டாய்க் காகிதமும் விசிலும் குப்பைத் தொட்டிக்குப் போயின. போன வாரத்து அட்டையை மட்டும் எமெட்டிடம் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் எவன் கோச்சா வந்தாலும் சரி" என்றார், "அட்டை தப்பா இருந்தா வாயைத் தொறந்து சொல்லு."